கம்மி செலவுல வீட்டு டெக்கரேஷன்: உங்க கேள்விக்கு பதில்

லீவு வருது, பார்ட்டி வருதுன்னா வர்ற லெட்டர்ல பாதி டெக்கரேஷன் பத்தித்தான் இருக்கும், இந்த மாசமும் அப்படித்தான். ஒரே விஷயத்தை நாலு பேர் கேட்டிருந்தா அதை ஒரே கேள்வியா சேர்த்துட்டேன்.

அக்கா, பையனுக்கு அஞ்சாவது பிறந்தநாள், வீட்லயே பண்றோம். கையில பெருசா பணம் இல்ல. போன தடவை குட்டி குட்டியா நிறைய ஐட்டம் வாங்கி ரூம் முழுக்க ஒட்டினோம், ஃபோட்டோல பாத்தா ஒண்ணுமே தெரியல. இந்த தடவை நானே கையால பண்ணலாம்னு இருக்கேன், எங்க ஆரம்பிக்கறது?

ரூம் முழுக்க அலங்காரம் பண்ணனும்ங்கற எண்ணத்தை முதல்ல விடுங்க தங்கச்சி. கேக் வைக்கிற டேபிளுக்கு பின்னாடி இருக்கிற சுவர் ஒண்ணு போதும், எல்லாரும் அங்கதான் வந்து நிப்பாங்க, ஃபோட்டோவும் அங்கதான் எடுப்பாங்க. மத்த மூணு சுவரை யாரும் பாக்க மாட்டாங்க, நிஜமா. காசு கரையறது எங்கன்னா இந்த பத்து டிசைன்ல பத்து ஐட்டம் வாங்கறதுலதான், தனித்தனியா பாத்தா ஒவ்வொண்ணும் அழகா இருக்கும், சேர்த்து ஒட்டினா கண்ணு எதுலயும் நிக்காது. அதனால ஒரே வடிவம், ரெண்டு கலர், கூட வெள்ளை, அவ்வளவுதான், ஆனா எண்ணிக்கையில நிறைய. நான் திரும்ப திரும்ப எல்லாருக்கும் சொல்றது இதுதான்.

உங்களுக்கு ஏத்தது பேப்பர் வளையச் சங்கிலி. சின்ன பசங்க வேலைன்னு நினைக்காதீங்க, ஒத்தையா தொங்கவிட்டாதான் அது அப்படி தெரியும், திரை மாதிரி வரிசையா தொங்கவிட்டா சுவரோட தோற்றமே மாறிடும். கணக்கு சொல்றேன், எழுதி வச்சுக்கோங்க. ஏ4 ஷீட் 21 சென்டிமீட்டருக்கு 29.7. அதை அகலவாக்குல 2.5 சென்டிமீட்டர் பட்டையா வெட்டினா ஒரு ஷீட்டுக்கு 11 பட்டை, ஒவ்வொண்ணும் 21 சென்டிமீட்டர் நீளம். நுனியில ஒன்றரை சென்டிமீட்டர் மேல மேல வச்சு ஸ்டேப்ளர் அடிச்சா வளையம் 6 சென்டிமீட்டர் குறுக்களவுக்கு வரும், தொங்கும்போது கொஞ்சம் நீண்டுக்கும், அதனால ஒரு வளையத்துக்கு 7 சென்டிமீட்டர்னு வச்சுக்கலாம். ஒன்றரை மீட்டர் சங்கிலிக்கு 22 வளையம் வேணும், அதாவது சரியா ரெண்டு ஷீட். ஆறடி அகலத்துக்கு 15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு 13 சங்கிலி தொங்கவிட்டா மொத்தம் 26 ஷீட், முழு சுவரும் முடிஞ்சுது.

இன்னொண்ணு, எல்லா சங்கிலியையும் ஒரே நீளத்துல விடாதீங்க, ஓரத்துல நீளமாவும் நடுவுல வர வர குட்டையாவும் விட்டா கேக் டேபிளுக்கு மேல வளைவு மாதிரி வந்து நிக்கும், ஷீட்டும் ரெண்டு மூணு மிச்சமாகும். ஒவ்வொரு சங்கிலியையும் தனியா சுவர்ல ஒட்டாம ஒரு நூல் கட்டி அதுல மேல் வளையத்தை மாட்டுங்க. 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் கனம் உள்ள ஏ4 ஷீட் ஒண்ணு 5 கிராம்தான், 26 ஷீட்டும் சேர்த்து 130 கிராம், நூலோட ரெண்டு முனையிலயும் நடுவுல ஒரு இடத்துலயும் டேப் போட்டா தாராளமா தாங்கும். கம் போட்டு ஒட்டறதை விட ஸ்டேப்ளர் ரொம்ப வேகம், கம்ன்னா ஒவ்வொரு வளையத்தையும் காயற வரைக்கும் புடிச்சுட்டே உக்காரணும். பையன் பட்டையை கலர் வாரியா அடுக்கித் தரட்டும், ஸ்டேப்ளர் உங்க கையில இருக்கட்டும்.

புது கலர் பேப்பர்தான் வேணும்னு இல்ல, பழைய காலண்டர், கிஃப்ட் சுத்தி வந்த பேப்பர் எதுவா இருந்தாலும் சரி, ஒரு பக்கம் மட்டும் கலரா இருந்தா போதும், வெள்ளை பக்கம் வளையத்துக்கு உள்ள போயிடும்.

டிஷ்யூ பேப்பர்ல பெரிய பூப்பந்து பண்றேன் மேடம், ஒரு பக்கம் மட்டும் விரியுது, இன்னொரு பக்கம் தட்டையா இருக்கு, இழுக்கறப்போ கிழியவும் செய்யுது. எங்க தப்பு பண்றேன்?

நீங்க எப்படி பண்றீங்கன்னு எழுதல, அதனால முழுசா சொல்லிடறேன். கிஃப்ட் சுத்தற மெல்லிசு டிஷ்யூ பேப்பர் எட்டுல இருந்து பத்து ஷீட் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, 4 சென்டிமீட்டர் அகலத்துல விசிறி மடிப்பா முன்னயும் பின்னயும் மடிச்சுட்டே போகணும். அஞ்சு ஷீட் மட்டும் வச்சா பந்து நிறையாது, ஓட்டை தெரியும், தட்டையா நிக்கறதுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான். மடிச்ச பட்டையோட நீளம் எவ்வளவோ கிட்டத்தட்ட அதுதான் பந்தோட அகலம், 50 சென்டிமீட்டர் பட்டைன்னா 50 சென்டிமீட்டர் பந்து, பாதி நீளமா வெட்டினா பாதி பந்து.

சரியா நடுவுல மெல்லிசு கம்பியாலயோ நூலாலயோ கட்டணும். நடு கொஞ்சம் தள்ளிப்போச்சுன்னா ஒரு பக்கம் பெருசு ஒரு பக்கம் சிறுசுன்னு வந்துடும், அதனால பட்டையை ரெண்டா மடிச்சு நடுவை குறிச்சுட்டு கட்டுங்க. ரொம்ப இறுக்காதீங்க, பேப்பர் அந்த இடத்துலதான் அறுந்துக்கும். ரெண்டு முனையையும் வட்டமா வெட்டினா ரோஜா மாதிரி இதழ் வரும், கூரா வெட்டினா டாலியா மாதிரி வரும்.

இப்போ பிரிக்கறது. இங்கதான் எல்லாரும் அவசரப்படறாங்க. நுனியை புடிச்சு இழுக்கக்கூடாது, விரலை உள்ள விட்டு கட்டுக்கு பக்கத்துல, அடியில புடிச்சு ஒரு ஷீட்டை மட்டும் மேல தூக்கணும். இந்த பக்கம் ஒண்ணு தூக்கினா அடுத்தது எதிர் பக்கத்துல தூக்குங்க, ஒரே பக்கம் அஞ்சு ஷீட்டையும் தூக்கிட்டு அப்புறம் திரும்பினா மீதி கசங்கியிருக்கும். மொத்த ஷீட்ல பாதி மேல, பாதி கீழ, இது மறக்கவேணாம். கை வேர்த்திருந்தா ஈரம் பட்டு கிழியும், துடைச்சுட்டு செய்யுங்க. ஒரு பந்து பிரிக்க பத்து நிமிஷம் ஆகும், ஆகட்டும், அந்த பொறுமைதான் பந்துல தெரியும்.

பேப்பர் விளக்கு பண்ணி உள்ள மெழுகுவர்த்தி வைக்கலாமா அக்கா?

வேண்டவே வேண்டாம். பேப்பர் 230 டிகிரி வாக்குல பத்திக்கும், மெழுகுவர்த்தி சுடரோ ஆயிரம் டிகிரிக்கு மேல. எல்இடி குட்டி விளக்கு வைங்க. அதுலயும் ஒண்ணு பாக்கணும், நிறைய விளக்குல நாணயம் மாதிரி வட்டமான பட்டன் பேட்டரி இருக்கும், குழந்தை முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாயை அரிச்சு புண்ணாக்கிடும், அதனால பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டதா பாத்து வாங்குங்க, அப்படி யாராவது முழுங்கிட்டா காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரி.

நிஜ சுடர்தான் வேணும்னா டின் விளக்கு பண்ணுங்க, எனக்கு ரொம்ப புடிச்சது இது. காலி டின்னை கழுவி தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வைங்க, விளிம்பு வரைக்கும் ஊத்தாதீங்க, தண்ணி ஐஸ் ஆனா ஒம்பது சதவீதம் பெருசாகும். உள்ள ஐஸ் இருக்கறதால ஆணி அடிச்சா டின் நசுங்காது. மடிச்ச துண்டு மேல படுக்க வச்சு, டிசைனை பேப்பர்ல புள்ளி புள்ளியா வரைஞ்சு டின்னை சுத்தி ஒட்டிட்டு புள்ளி மேல ஆணி அடிச்சுட்டே போங்க, முடிஞ்சதும் ஐஸ் உருகட்டும். வெட்டின விளிம்பும் ஓட்டையோட உள்பக்கமும் கூரா இருக்கும், கை விடும்போது கவனம்.

முந்தின நாள் ராத்திரியே பலூன் ஊதி வச்சா மறுநாள் பார்ட்டிக்கு தாங்குமா? ஊதறதுக்குள்ள பாதி வெடிக்குது வேற.

சாதாரண காத்து ஊதின ரப்பர் பலூன்னா தாங்கும், கொஞ்சம் மெத்துனு ஆகும், அவ்வளவுதான். ஹீலியம்னாதான் தாங்காது, ஹீலியம் அணு ரொம்ப சின்னது, ரப்பர்ல இருக்கிற நுண்ணிய இடைவெளி வழியா சீக்கிரம் கசிஞ்சு போயிடும், பெரும்பாலும் ஒரு நாளைக்குள்ள கீழ இறங்கிடும். கம்மி செலவுல பண்றவங்களுக்கு ஹீலியம் தேவையே இல்ல, பலூனை மேல தூக்கி நிறுத்த நூல் இருக்கு.

வெடிக்கறதுக்கு காரணம் அளவுக்கு மீறி ஊதறது. பலூன் பேரிக்கா வடிவத்துக்கு நீண்டு கழுத்து பக்கம் வீங்க ஆரம்பிச்சா ஜாஸ்தி ஆயிடுச்சுன்னு அர்த்தம், உருண்டையா இருக்கும்போதே நிறுத்திடுங்க. அட்டைப்பெட்டி ஒண்ணுல வட்ட ஓட்டை வெட்டி வச்சுக்கிட்டு அதுல நுழையற அளவுக்கு ஊதினா எல்லாம் ஒரே சைஸா வரும். ஏசி ரூம்ல ஊதி வெயில்ல கொண்டுபோய் கட்டினா உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு வெடிக்கும், வெயில் படற இடம்னா கொஞ்சம் கம்மியாவே ஊதுங்க. வெயில்ல பளபளப்பும் போயி மங்கிடும், அது ரப்பரோட குணம்.

பலூன் மாலை கட்ட ரெண்டு ரெண்டா முடிச்சு போட்டு, ரெண்டு ஜோடியை குறுக்க வச்சு ஒரு முறுக்கு முறுக்கினா நாலு பலூன் கொத்து ஆயிடும், கொத்து கொத்தா மீன்பிடி நரம்புல மாட்டிட்டே போங்க. நடுவுல சின்ன பலூனை சொருகினா சந்து தெரியாது. பலூன்ல ஒண்ணு மட்டும் நான் கண்டிப்பா சொல்லுவேன், வெடிச்ச துண்டையும் ஊதாத பலூனையும் உடனே பொறுக்கிடுங்க, எட்டு வயசுக்கு கீழ உள்ள பசங்க வாயில போட்டா தொண்டையில போய் அடைச்சுக்கும். வெளிய பறக்க விடறதும் வேண்டாம், எங்கயோ போய் விழுந்து ஏதோ ஒரு பறவை முழுங்கும்.

வாடகை வீடு. டேப் ஒட்டி எடுத்தா பெயிண்ட் உரிஞ்சு வருது, என்ன பண்ணட்டும்?

சுவர்ல முதல்ல மாஸ்கிங் டேப், அதுக்கு மேல டபுள் சைட் டேப், அப்புறம் டெக்கரேஷன். சுவரைத் தொடறது லேசா ஒட்டற மாஸ்கிங் டேப் மட்டும்தான். பார்ட்டி முடிஞ்ச அன்னிக்கே எடுத்துடுங்க, நாள் ஆக ஆக பிடிச்சுக்கும். வரலன்னா ஹேர் ட்ரையரால சூடு காட்டினா பசை இளகும், மெதுவா டேப்பை பின்னாடி மடிச்சு உரிங்க. புதுசா பெயிண்ட் அடிச்சு ஒரு மாசம் கூட ஆகலன்னா சுவர் பக்கமே போகாதீங்க, கர்ட்டன் கம்பியில நூல் கட்டி தொங்கவிடுங்க.

மா, பேரப்பிள்ளைங்களோட மைதா உப்பு மாவுல நட்சத்திரம் பண்ணேன். காயறப்போ உப்பி வெடிச்சுப் போச்சு. போன வருஷம் பண்ணது இப்போ ஈரம் கோத்து பிசுபிசுங்குது. இதுக்கு வழி இருக்கா?

இருக்கும்மா, ரெண்டுக்குமே இருக்கு. ரெண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, முக்கால் கப் தண்ணி, தேவைன்னா இன்னும் கொஞ்சம், ஒரேடியா ஊத்தாதீங்க. பத்து நிமிஷம் நல்லா பிசையணும், கம்மியா பிசைஞ்ச மாவுதான் ஓரத்துல கீறல் விடும். அரை சென்டிமீட்டருக்கு மேல தடிமன் வேண்டாம், நூல் கோக்கற ஓட்டையை ஈரமா இருக்கும்போதே ஸ்ட்ராவால போட்டுடுங்க. உப்பி வெடிக்கறது சூடு ஜாஸ்தியானதால, வெளிய சீக்கிரம் காஞ்சு உள்ள ஈரம் மாட்டிக்கிச்சு. ஓவன்ல 100 டிகிரிக்கு மேல வைக்காம ரெண்டு மூணு மணி நேரம், நடுவுல ஒரு தடவை திருப்பிப் போடுங்க. ஓவன் இல்லன்னா காத்தாட ரெண்டு மூணு நாள், தினமும் திருப்பிப் போட்டு.

பிசுபிசுப்புக்கு காரணம் உப்பு, அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். முழுசா காஞ்சப்புறம் பெயிண்ட் அடிச்சு, முன்பக்கம் பின்பக்கம் ஓரம் ஓட்டை எல்லாத்துலயும் வார்னிஷ் ரெண்டு கோட் அடிங்க. முன்னாடி மட்டும் அடிச்சு பின்பக்கத்தை விட்டுட்டா பிரயோஜனமே இல்ல. வீட்ல நாய் இருந்தா எட்டாத உயரத்துல தொங்கவிடுங்கம்மா, அவ்வளவு உப்பு நாய்க்கு விஷம்.

பார்ட்டி வெளிய தோட்டத்துல. காத்தும் மழையும் வந்தா என்ன செய்யறது?

க்ரேப் பேப்பரை வெளிய கட்டவே கட்டாதீங்க, ஒரு தூறல் போதும், சாயம் ஒழுகி சுவர், மேஜை விரிப்பு, போட்டிருக்கிற டிரெஸ் எல்லாத்துலயும் ஏறிடும். வெளியன்னா துணிதான். பழைய டி ஷர்ட்டை முக்கோணமா வெட்டி கயித்துல தைச்சோ ஸ்டேப்ளர் அடிச்சோ கொடித்தோரணம் ஆக்குங்க, டி ஷர்ட் துணி பின்னல் துணிங்கறதால வெட்டின ஓரம் நூல் பிரியாது, மடிச்சு தைக்கற வேலையே கிடையாது. 15 சென்டிமீட்டர் அகல முக்கோணம், 5 சென்டிமீட்டர் இடைவெளின்னா மூணு மீட்டர் கயித்துக்கு 15 முக்கோணம் போகும். இதை பல வருஷம் துவைச்சு துவைச்சு கட்டலாம்.

நாலு வயசு பசங்க பத்து பேர் வர்றாங்க, க்ளிட்டர் வச்சு ஏதாவது பண்ண விடலாமா?

நான் க்ளிட்டர் சொல்லவே மாட்டேன் தம்பி. அது பொடிப்பொடியான பிளாஸ்டிக், தரையில இருந்து தண்ணிக்குள்ள போனா திரும்ப எடுக்க முடியாது. ஐரோப்பிய யூனியன்லயே 2023 அக்டோபர்ல இருந்து தூவற பிளாஸ்டிக் க்ளிட்டர் விக்கறதுக்கு தடை வந்துடுச்சு. காஞ்ச இலையையும் பூவிதழையும் பஞ்சிங் மெஷின்ல குத்தி எடுத்தா கலர் கலரா வட்டப்பொட்டு விழும், அதை ஒரு கிண்ணத்துல போட்டுக் குடுங்க, அட்டையில வெள்ளை கம் தடவி பசங்க தூவட்டும். குத்தற வேலையிலேயே பாதி நேரம் சந்தோஷமா போயிடும். சிந்தினாலும் கூட்டி தோட்டத்துல போட்டுடலாம்.

பண்ணதை எல்லாம் அடுத்த பார்ட்டிக்கு எடுத்து வைக்க முடியுமா?

துணித்தோரணம், டின் விளக்கு, வார்னிஷ் அடிச்ச மாவு நட்சத்திரம் மூணும் தாராளமா வரும். பேப்பரை விசிறி மாதிரி மடிச்சு வட்டமா விரிச்சு ஒட்டற அலங்காரம் ஏதாவது பண்ணியிருந்தா, ஒட்டின ஒரு பக்கத்தை மட்டும் பிரிச்சா திரும்ப பட்டையா மடங்கிடும், ரப்பர் பேண்ட் போட்டு வைங்க. தோரணத்தை அப்படியே சுருட்டி போட்டா சிக்கல் எடுக்கவே நாள் ஆகும், அட்டையில சுத்தி நுனியை சொருகி வைங்க. டிஷ்யூ பந்தை மடக்க முடியாது, இடம் இருந்தா மேல ஒரு கவர் போட்டு தொங்கவிடுங்க, இல்லன்னா பிரிச்சு அடுத்த கிஃப்ட்டுக்குள்ள திணிக்க வச்சுக்கலாம். பேப்பர் சங்கிலியை மட்டும் வைக்க வேண்டாம், நசுங்கின வளையம் மறுபடி வட்டமா வராது, பழைய பேப்பரோட போட்டுட்டு அடுத்த தடவை வேற ரெண்டு கலர்ல புதுசா பண்ணிக்கோங்க.