மஞ்சள் நத்தை, சிவப்பு நத்தை: புது இனமா?

கேள்வி: வால்பாறை பக்கம் எங்கள் தோட்டத்தில் மழைக்காலத்தில் மஞ்சள் உடம்புள்ள நத்தையும் ரத்தச் சிவப்பில் ஒன்றும் வருகின்றன. இணையத்தில் எந்தப் படத்தோடும் சரியாகப் பொருந்தவில்லை. புது இனமாக இருக்குமா? டிஎன்ஏ சோதனை செய்தால் தெரிந்துவிடுமா? (விலங்கியல் மாணவர்)

பதில்: நிறத்தை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் இந்திரெல்லா ஆம்புல்லா என்ற நத்தை சிவப்பாகவும் இருக்கும், மஞ்சளாகவும் இருக்கும். மெல்லிய ஓடு, பெரிய உடம்பு. முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

டிஎன்ஏ மட்டும் போதாது. இனத்தை அடையாளம் காண வழக்கமாகப் படிக்கும் சிஓஐ, செல்லின் உட்கருவுக்கு வெளியே மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள மரபணு; அதில் படிக்கும் துண்டு சுமார் 650 டிஎன்ஏ எழுத்து நீளம். நத்தைகளில் இது வேகமாக மாறுகிறது. ஐரோப்பாவின் செபேயா நெமோராலிஸ் என்ற நத்தையில் ஒரே இனத்துக்குள்ளேயே பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு காணப்பட்டிருக்கிறது. நத்தை அதிக தூரம் நகராததால் ஒவ்வொரு மலையிலும் தனித்தனி வம்சம் உருவாகிவிடுகிறது. அதனால் பக்கத்து மலை மாதிரிகளையும் சேர்த்துப் படியுங்கள். 28எஸ் அல்லது ஐடிஎஸ்2 போன்ற, உட்கருவில் உள்ள டிஎன்ஏ பகுதி ஒன்றையும் பாருங்கள். டிஎன்ஏ வரிசைகளைச் சேர்த்துவைத்திருக்கும் பொதுத் தரவுத்தளத்தில் பொருந்தவில்லை என்பதால் மட்டும் புதிது ஆகிவிடாது. நம்மூர் நத்தைகளில் பலவற்றின் வரிசை அங்கே இன்னும் ஏறவே இல்லை.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது இனப்பெருக்க உறுப்புகள்தான். இந்த நத்தைகள் இருபால் உயிரிகள். ஆண்குறியின் உட்சுவரில் உள்ள மடிப்புகள், அம்புப் பை (இணைசேரும்போது துணையைக் குத்தும் அம்பு இருக்கும் பை) இருக்கிறதா இல்லையா, விந்து சேரும் பையின் காம்பு எவ்வளவு நீளம், இவையெல்லாம் இனத்துக்கு இனம் மாறும். ஆனால் வளர்ந்த நத்தையை அறுத்தால்தான் இவை தெரியும். குட்டி நத்தையில் உறுப்புகள் நூல் போல இருக்கும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இந்திரெல்லாவின் குடும்பத்தில் ஓட்டின் விளிம்பு தடிக்காது என்பதால் வெளியே பார்த்து வயதைக் கணிப்பதும் கஷ்டம். அதனால் சிலவற்றை அறுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

மாதிரியைப் பதப்படுத்தும்போதுதான் நிறைய வேலை கெட்டுப்போகிறது. உயிரோடு நேராக எத்தனாலில் போட்டால் நத்தை சுருண்டு இறுகிவிடும், அப்புறம் அறுக்கவே முடியாது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை ஜாடியில் விளிம்பு வரை ஊற்றி, காற்றுக்குமிழ் இல்லாமல் மூடி, ஓர் இரவு விடுங்கள். உடம்பு நீண்டு தளர்ந்துவிடும். தொட்டாலும் அசையவில்லை என்று தெரிந்தவுடன் பாதத்தின் நுனியில் சிறு துண்டு வெட்டி 95 சதவீத எத்தனாலில் போட்டு, மறுநாள் எத்தனாலை மாற்றுங்கள். மீதி உடம்பும் ஓடும் 70 சதவீதத்தில் இருக்கட்டும். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம், டிஎன்ஏ சிதைந்துவிடும். நத்தையின் சளி, டிஎன்ஏவைப் பல பிரதி எடுக்கும் பிசிஆர் வினையைத் தடுக்கும்; சிடாப் என்ற வேதிப்பொருளைக் கொண்டு டிஎன்ஏவைப் பிரித்தால் அந்தத் தொல்லை குறையும்.

அப்புறம் பழைய பெயர்களைத் தேடுங்கள். பிளான்ஃபோர்டும் காட்வின்-ஆஸ்டினும் நத்தைகளைப் பற்றி எழுதி 1908இல் வெளியான ‘ஃபானா ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா’ தொகுதியில் தொடங்கலாம். அந்தக் காலத்தில் பல இனங்களை வெறும் ஓட்டை வைத்தே விவரித்தார்கள். ஓர் இனத்துக்கு முதலில் பெயர் வைக்கப் பயன்பட்ட மூல மாதிரிகளில் பல லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. உங்கள் ‘புது’ நத்தைக்கு நூறு வருஷத்துக்கு முன்பே பெயர் வைத்திருக்கலாம்.

மஞ்சளும் சிவப்பும் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்ந்தும், மைட்டோகாண்ட்ரியா, உட்கரு என இரு வகை டிஎன்ஏவிலும் உறுப்புகளிலும் தொடர்ந்து வேறுபட்டால் இரண்டு இனம் என்று தைரியமாகச் சொல்லலாம். காட்டுக்குள் எடுப்பதாக இருந்தால் வனத்துறை அனுமதி கட்டாயம். புது இனம் என்று உறுதியானால், 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி மூல மாதிரியை இந்திய விலங்கியல் அளவாய்வு நிறுவனம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும்.