பழைய சாகசத்தில் மறைகுழி: சேவிங் த்ரோவா, திறன் எண்ணா?

கேள்வி: 1980-களின் தொடக்கத்தில் வெளிவந்த ஒரு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் கற்பனை ஆட்டம்) சாகசத்தை, அந்தக் காலத்து பேசிக் விதிகளின்படியே நண்பர்களுக்கு நடத்துகிறேன். மறைகுழி வரும் இடத்தில், டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பைக் காட்டும் திறன்) எண்ணுக்குள் உருட்டினால் தப்பலாம் என்று எழுதியிருக்கிறது. எந்தப் பகடை என்று இல்லை. கதாபாத்திரத் தாளில் விஷம், மந்திரக்கோல் என ஐந்து வகை சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் பகடை) உள்ளது. எதை உருட்டச் சொல்வது? ஐந்தாம் பதிப்பில் பழகிய என் நண்பர்களுக்கு எப்படி விளக்குவது?

பதில்: சாகசம் திறன் எண்ணைக் குறிப்பிடும் இடத்தில் திறன் எண்ணையே பயன்படுத்துங்கள். இருபது முகப் பகடை ஒன்றை உருட்டி, டெக்ஸ்டெரிட்டிக்குச் சமமாகவோ அதற்குக் கீழாகவோ வந்தால் கதாபாத்திரம் தப்பியது என்று கொள்ளலாம். டாம் மோல்ட்வே தொகுத்த 1981-ஆம் ஆண்டு பேசிக் விதிநூல், விதியில் அடங்காத செயல்களுக்கு டன்ஜன் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், கையாளக்கூடிய வழியாக இதைத்தான் சொல்கிறது. அங்கே 1 விழுந்தால் எப்போதும் வெற்றி, 20 விழுந்தால் எப்போதும் தோல்வி. செயல் எளிதென்றால் உருட்டிய எண்ணிலிருந்து 4 வரை கழிக்கலாம், கடினமென்றால் 4 வரை கூட்டலாம். குறைவாக விழுவதே நல்லது என்பதால் இங்கே கழிப்பதுதான் சலுகை. புதிதாக நடத்துபவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது.

1974-இல் வந்த மூல விதிகளில் சேவிங் த்ரோ உண்டு, ஆனால் திறன் எண்ணை வைத்து உருட்டுவதற்குப் பொதுவான முறை கிடையாது. ஆகவே சாகசம் எழுதியவர்கள் தத்தம் மேசையில் இருந்த வழக்கத்தையே எழுதினார்கள். சிலர் மூன்று ஆறுமுகப் பகடைகளையும் சிலர் நான்கையும் உருட்டச் சொன்னார்கள். இது சிறிய வேறுபாடு அல்ல. டெக்ஸ்டெரிட்டி 13 உள்ள திருடனும் 7 உள்ள போர்வீரனும் அதே குழியின் விளிம்பில் நிற்பதாகக் கொள்வோம். இருபது முகப் பகடையில் திருடன் தப்ப 65 விழுக்காடு வாய்ப்பு, போர்வீரனுக்கு 35. மூன்று ஆறுமுகப் பகடைகளில் அது ஏறக்குறைய 84-க்கு 16 ஆகிவிடுகிறது. நான்கு பகடைகளில் திருடனுக்கே 44தான். போர்வீரனுக்கு 3 விழுக்காடுகூட இல்லை. பத்தடி விழுந்தால் ஒரு ஆறுமுகப் பகடை அளவு காயம். முதல் நிலையில், அதாவது புதிதாகத் தொடங்கும் திருடனின் உயிர்ப்புள்ளிகளோ ஒரு நான்குமுகப் பகடை அளவு. எனவே எந்தப் பகடை என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு செய்து, ஆடுபவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

அதே சமயம், சாகசம் வெறுமனே சேவிங் த்ரோ என்று சொல்லும் இடத்தில் திறன் எண்ணைக் கொண்டுவராதீர்கள். இதை நான் அழுத்தமாகவே சொல்வேன், ஏனென்றால் இரண்டும் அளப்பது வெவ்வேறு பொருள்களை. சேவிங் த்ரோ கதாபாத்திரத்தின் அனுபவத்தை அளக்கிறது. திறன் எண் பிறவியிலேயே வாய்த்ததை அளக்கிறது, நிலை உயர்ந்தாலும் அது அப்படியே இருக்கும். பேசிக் விதியில் முதல் நிலைப் போர்வீரன் விஷத்திலிருந்து பிழைக்க 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதாவது 45 விழுக்காடு. பேசிக்கின் தொடர்ச்சியாக வந்த 1981-ஆம் ஆண்டு எக்ஸ்பர்ட் விதிநூலின்படி நான்காம் நிலையில் அது 10 ஆகவும் ஏழாம் நிலையில் 8 ஆகவும் இறங்கி, வாய்ப்பு 65 விழுக்காட்டுக்கு உயர்கிறது. இதற்குப் பதிலாகக் உடல் உறுதியைக் காட்டும் கான்ஸ்டிட்யூஷன் எண்ணுக்கு உருட்டச் சொன்னால், 16 வைத்திருப்பவர் முதல் நாளிலேயே 80 விழுக்காடு பாதுகாப்புடன் நடப்பார், 8 வைத்திருப்பவர் எத்தனை சாகசங்களில் பிழைத்து வந்தாலும் 40-ஐத் தாண்டமாட்டார். தீண்டினால் சாவு என்னும் சிலந்தியை எழுதியவர் எதிர்பார்த்த அச்சமும், பிழைத்து வளர்ந்தவருக்கு உரிய பலனும் இதில் அடிபட்டுப்போகும்.

டன்னல்ஸ் அண்ட் டிரோல்ஸ் என்னும் வேறொரு ஆட்டத்தின் சாகசம் கையில் கிடைத்தால் மேற்சொன்னதைப் பொருத்தாதீர்கள். கென் செயின்ட் ஆண்ட்ரே 1975-இல் வெளியிட்ட அந்த ஆட்டத்தில் சேவிங் ரோல் என்பதே லக் (அதிர்ஷ்டம்) என்னும் எண்ணின் மீதுதான் தொடங்கியது: முதல் நிலைச் சோதனைக்கு 20-இலிருந்து லக்கைக் கழித்து, மிச்சத்தை இரண்டு ஆறுமுகப் பகடைகளில் எட்ட வேண்டும், இரட்டை விழுந்தால் மீண்டும் உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம்.

உங்கள் நண்பர்கள் அறிந்த 2014-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் ஆறு திறன்களுக்கும் தனித்தனி சேவிங் த்ரோ உண்டு, அதிகமாக விழுந்தால்தான் வெற்றி. திறன் 10 உள்ளவருக்குப் பழைய முறையின் 50 விழுக்காடும் புதிய முறையில் இலக்கு 11 என்பதும் ஒன்றே. ஆனால் பழைய முறையில் திறன் எண்ணின் ஒவ்வொரு புள்ளியும் 5 விழுக்காடு தர, புதியதில் அதே 5 விழுக்காட்டுக்கு இரண்டு புள்ளிகள் தேவை. திறன் 16 உள்ளவருக்குப் பழைய முறை 80 தரும். இலக்கு 11-இல் புதிய முறை, தேர்ச்சிக் கூட்டல் (பயிற்சி பெற்றதற்குக் கிடைக்கும் கூடுதல் எண்) சேராதபோது, 65தான் தரும். எனவே அவர்களிடம் தாளில் உள்ள கூட்டல் எண்ணை மறந்துவிட்டுத் திறன் எண்ணையே நேராகப் பார்க்கச் சொல்லுங்கள்.