வெள்ளிவிழாப் பயணத்துக்கு எந்தக் கப்பல்?

கேள்வி: அடுத்த ஆண்டு எங்கள் திருமணத்துக்கு 25 வருடம் நிறைகிறது. ஒரு வாரம் கப்பல் பயணம் போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நானும் கணவரும் சத்தம் சந்தடி இல்லாமல் இருக்க விரும்புவதால், ‘பெரியவர்கள் மட்டும்’ என்கிற கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இதைக் கேள்விப்பட்ட என் தங்கை, தன் கணவர், 8 வயது மகள், 2 வயது மகன் சகிதம் தானும் வருவதாகச் சொல்கிறாள். எங்கள் மகனுக்கு அப்போது 17 வயது இருக்கும். அவனை விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. எல்லோரும் சேர்ந்து குடும்பக் கப்பலில் போனால் எங்களுக்கு நிம்மதி கிடைக்குமா? இல்லை, தனிக் கப்பல்தான் வழியா?

பதில்: முதலில் உங்கள் மகனின் வயதைப் பேசிவிடுவோம். பாதி முடிவை அதுவே எடுத்துவிடுகிறது. பெரியவர்களுக்கு மட்டும் என்று அறிவித்த கப்பல்களில் வயது விதி கறாரானது. பெற்றோர் இருவரும் கூடவே இருந்தாலும் 17 வயதுப் பையனுக்கு அங்கே இடமில்லை. வர்ஜின் வாயேஜஸ், வைக்கிங் இரண்டு நிறுவனங்களும் தங்கள் எல்லாக் கப்பல்களிலும் 18 நிறைந்தவர்களை மட்டுமே ஏற்றுகின்றன. பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனத்தில் ஆர்கேடியா, அரோரா என்ற இரண்டு கப்பல்கள் மட்டும் அப்படி. மற்றவற்றில் குழந்தைகள் உண்டு. சாகா நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய் 50 வயது கேட்கிறது, கூட வரும் துணைக்கு 40. கப்பல் புறப்படும் தேதியில் உங்கள் மகனுக்கு 18 நிறைய இரண்டு வாரம் பாக்கி என்றால், தேதியைத் தள்ளிப்போடுவது ஒன்றுதான் வழி. பேசிப் பார்த்து ஆகிற காரியம் இல்லை.

18 ஆன கையோடு கூட்டிப்போகலாமே என்று தோன்றும். கப்பலில் அது இரண்டுங்கெட்டான் வயது. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் பெரும்பாலான கப்பல்களில் 21 ஆகாதவர்களுக்கு மது கிடையாது, சூதாட்டக் கூடத்திலும் பல இடங்களில் கெடுபிடி. அதே சமயம் பதின்வயதினருக்கென்று இருக்கும் கிளப்பின் கதவும் 17-ஓடு மூடிவிடும். உங்கள் மகனுக்கு அந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறது. 13 அல்லது 14 வயதிலிருந்து 17 வரை உள்ளவர்களுக்கான அந்த இடத்துக்கு முதல் நாள் மாலையே அவனைப் போகச் சொல்லுங்கள். அன்றைக்கே கூட்டாளிகள் சேர்ந்துவிடுவார்கள். மூன்றாம் நாள் போகிறவனுக்கு அங்கே எல்லோரும் குழுக் குழுவாகப் பிரிந்து உட்கார்ந்திருப்பதுதான் கண்ணில் படும். அப்புறம் மீதி நாட்கள் முழுக்க அறையில் கைப்பேசியோடு கிடப்பான்.

இப்போது நிம்மதி விஷயம். குழந்தைகள் இல்லாத கப்பல் அமைதியாக இருக்கும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. வர்ஜின் கப்பல்களில் பயணத்தின் ஓர் இரவு முழுக்கக் கொண்டாட்டம்: எல்லோரும் சிவப்பு உடுத்தி வருவார்கள், கப்பல் முழுக்க நிகழ்ச்சி நடந்து கடைசியில் நீச்சல் குளத்தடியில் ஆட்டம் பாட்டத்தோடு முடியும். பச்சை குத்திக்கொள்ளும் கடைகூட உள்ளே உண்டு. சாப்பாடு பிரமாதம், பஃபே வரிசை என்பதே கிடையாது, தனித்தனி உணவகங்கள், பெரும்பாலும் கட்டணத்துக்குள் அடக்கம். ஆனால் இரவு 10 மணிக்குத் தூங்கப் போகிறவர்களை மனதில் வைத்துக் கட்டிய கப்பல் அல்ல அது. வைக்கிங் இதற்கு நேர் எதிர். சூதாட்டக் கூடம் இல்லை, புகைப்படம் எடுத்து விற்கிறவர்கள் பின்னால் வரமாட்டார்கள், கடல் கப்பல்களில் எல்லா அறைக்கும் பால்கனி உண்டு. மாலையில் அடுத்த ஊரின் வரலாற்றைப் பற்றி யாராவது பேசுவார்கள். இரவு உணவு முடிந்ததும் கப்பலே அடங்கிவிடும். பி அண்ட் ஓ-வின் இரண்டு கப்பல்கள் இன்னொரு ரகம்: சில இரவுகளில் கோட்டு சூட்டு, ஜோடி நடனம், வயதில் மூத்த பயணிகள். உங்களுக்கு வேண்டியது குழந்தைகள் கண்ணில் படாததா, சத்தம் காதில் விழாததா, அல்லது நீங்கள் இருவரும் தனியாக இருக்கிற நேரமா? இந்த மூன்றையும் உங்கள் கணவரோடு பிரித்துப் பேசுங்கள். ஒவ்வொன்றுக்கும் கப்பல் வேறு.

நெரிசலையும் எண்களில் பார்க்கலாம். கப்பலின் மொத்த டன் அளவை (இது எடை அல்ல, கப்பலின் உள்ளளவு) பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால், ஒருவருக்கு எவ்வளவு இடம் என்று உத்தேசமாகத் தெரிந்துவிடும். வைக்கிங்கின் 930 பேர் கப்பலில் (சுமார் 47,800 டன்) இது 51. வர்ஜினின் ஸ்கார்லெட் லேடியில் சுமார் 1,10,000 டன்னுக்கு 2,770 பேர், அதாவது 40-ஐ ஒட்டி. குழந்தைகளுக்காகவே கட்டியதுபோல் இருக்கும் ராயல் கரீபியனின் ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலுக்கு அறைக்கு இருவர் என்று 5,610 பேர் வைத்துக் கணக்குப் போட்டால் 44 வருகிறது. ஆச்சரியமாக இருக்கிறதா? பெரியவர்கள் மட்டும் போகும் ஸ்கார்லெட் லேடியைவிட அதில் இடம் தாராளம். ஆனால் அது மடக்குக் கட்டில்கள் காலியாக இருக்கும் வாரத்தில். அதே கப்பல் அதிகபட்சமாக 7,600 பேரை ஏற்றலாம். பள்ளி விடுமுறையில் அறைகளின் மூன்றாவது, நான்காவது கட்டில்கள் பிள்ளைகளால் நிறையும்போது கணக்கு 33-க்கு இறங்கிவிடும். கப்பல் மாறவில்லை, வாரம்தான் மாறியிருக்கிறது.

பள்ளி நடக்கும் மாதங்களில், அதிலும் 10 இரவுக்கு மேற்பட்ட பயணங்களில், சாதாரணக் கப்பல்களிலேயே குழந்தைகள் மிகக் குறைவு. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கப்பல்களை ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு நகர்த்துவார்கள்; தொடர்ந்து பல நாள் கரையே தெரியாத அந்தப் பயணங்களில் குழந்தைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சரி, இது உங்களுக்கு உதவுமா? தங்கை மகளுக்கும் பள்ளி, உங்கள் மகனுக்கும் படிப்பு. நீங்கள் எல்லோரும் சேர்ந்து போக முடிகிற வாரம், ஊரிலுள்ள மற்றக் குடும்பங்களும் போகிற அதே வாரம்தான்.

அதனால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். முடிந்தால் இதை இரண்டு பயணமாகப் பிரித்துவிடுங்கள். விடுமுறையில் எல்லோரும் சேர்ந்து 4 அல்லது 5 இரவு குடும்பக் கப்பலில். மகன் மேற்படிப்புக்குப் போனபின், பள்ளி நடக்கும் ஒரு மாதத்தில், நீங்கள் இருவர் மட்டும். திருமண நாளன்றே கடலில் இருந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மகனுக்கோ பதின்வயது கிளப்புக்கு இதுதான் கடைசி வாய்ப்பு, தங்கை பிள்ளைகளுக்கு இது நினைவில் நிற்கப்போகிற பயணம். அவசரம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

இரண்டு பயணத்துக்குப் பணமோ விடுப்போ இடம் தராது என்றால் குடும்பக் கப்பலுக்கே போங்கள். கொஞ்சம் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அதிலும் உங்களுக்கு நல்ல பொழுதுகள் கிடைக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது பெரியவர்களுக்கென்று ஒதுக்கிய இடம். ஏறக்குறைய எல்லாக் குடும்பக் கப்பல்களிலும் ஒன்று இருக்கும், ஆனால் தரம் ஏறுமாறாக இருக்கும். ராயல் கரீபியனின் சோலாரியத்துக்கு 16 வயது போதும், தனிக் கட்டணம் இல்லை. உங்கள் மகனும் வரலாம். டிஸ்னி கப்பல்களில் 18 நிறைந்தவர்களுக்கெனத் தனி நீச்சல் குளமும், குழந்தைகளை அனுமதிக்காத பாலோ உணவகமும் உண்டு. கார்னிவல் நிறுவனத்தின் செரினிட்டி பகுதி இலவசம். பிரின்சஸ் நிறுவனத்தின் சாங்க்சுவரிக்கும் நார்வீஜியன் நிறுவனத்தின் வைப் பீச் கிளப்புக்கும் தனிக் கட்டணம். இலவசம் என்றால் மகிழ்ச்சிதான், ஆனால் துறைமுகம் இல்லாத நாளில் காலை 9 மணிக்கெல்லாம் நாற்காலிகளில் துண்டு போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். கட்டணம் வைத்த இடத்தில் தலைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் மதியம் போனாலும் உட்காரலாம். அந்த அனுமதிச் சீட்டோ ஏறிய முதல் நாளே தீர்ந்துவிடும். கப்பலின் டெக் (தள) வரைபடத்தை எடுத்து, அந்த இடத்தில் நீச்சல் குளம் இருக்கிறதா, நிழல் இருக்கிறதா, குழந்தைகளின் சறுக்கு மரத்துக்குக் கீழேயே அமைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது அறை. அமைதியைக் கொடுப்பதும் கெடுப்பதும் அதுதான். நீச்சல் குள டெக்குக்கு நேர் கீழே எடுத்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேலேயே கேட்கும். மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கிற டெக்காகப் பாருங்கள். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை: சில அறைகளுக்கு நடுவே உள்கதவு இருக்கும், வரைபடத்தில் சின்ன அம்புக்குறியோ கோடோ போட்டுக் காட்டியிருப்பார்கள். அந்தக் கதவு சுவர் அளவுக்குச் சத்தத்தைத் தடுக்காது. பக்கத்து அறையில் யாரோ ஒரு குடும்பத்தின் கைக்குழந்தை இரவு 3 மணிக்கு அழுதால் உங்கள் அறையில் அழுவது போலவே இருக்கும். உள்கதவு அறைகளைத் தங்கை குடும்பம் எடுத்துக்கொள்ளட்டும், நீங்கள் கதவில்லாத அறையை எடுங்கள்.

மகனை உங்கள் அறையிலேயே சோபாக் கட்டிலில் படுக்கவைப்பதுதான் மலிவு, மூன்றாம் ஆளுக்குக் கட்டணம் குறைவு. ஆனால் 25-ஆவது திருமண நாள் பயணத்தில் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பெற்றோர் அறைக்கு எதிரிலோ பக்கத்திலோ என்றால் 18 ஆகாத பிள்ளைக்குத் தனி அறை தரப் பல நிறுவனங்கள் ஒப்புக்கொள்கின்றன. முன்பதிவு செய்யும் முன் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஜன்னல் இல்லாத உள் அறை அவனுக்குப் போதும். தனி ஆள் என்றாலும் கிட்டத்தட்ட இருவர் கட்டணம் விழும், உண்மைதான். பானங்களுக்கு மொத்தக் கட்டணம், புகைப்படங்களுக்கு மொத்தக் கட்டணம் என்று போகிற பணத்தை இதற்குத் திருப்பினால் நீங்கள் இருவரும் ஒவ்வொரு இரவும் நன்றி சொல்வீர்கள்.

தங்கையிடம் சொல்ல வேண்டிய சேதி ஒன்று உண்டு. அவருடைய 2 வயதுப் பையன் இன்னும் டயப்பர் போடுகிறான் என்றால் பெரிய நீச்சல் குளங்களில் இறக்கவிடமாட்டார்கள். நீச்சலுக்கான டயப்பர் போட்டாலும் விதி அதேதான். நீர் அசுத்தமானால் குளத்தை மூடி, குளோரின் ஏற்றி, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால் இதில் சமரசமே இல்லை. சில கப்பல்களில் மட்டும் டயப்பர் குழந்தைகளுக்கெனத் தண்ணீர் பீய்ச்சும் சிறு இடம் உண்டு. அது இருக்கிற கப்பலாகத் தேடச் சொல்லுங்கள். குழந்தைகள் கிளப்பும் பெரும்பாலும் 3 வயது நிரம்பி, கழிப்பறைப் பழக்கம் வந்த பிள்ளைகளுக்குத்தான். அக்காள் அங்கே சந்தோஷமாகப் போய்விடுவாள், தம்பி வெளியே நிற்பான். அவன் வயதுக்கு வேண்டியது நர்சரி. டிஸ்னி கப்பல்களில் 6 மாதத்திலிருந்து 3 வயது வரை பார்த்துக்கொள்கிறார்கள், மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். ராயல் கரீபியனின் சில கப்பல்களிலும் உண்டு. இடம் கொஞ்சம்தான், இணையத்தில் திறந்த உடனே பதிய வேண்டும்.

நர்சரியில் இடம் கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். “பெரியம்மா இருக்கிறாளே, ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளமாட்டாளா?” அந்த ஒரு மணி நேரம் ஆறு நாளும் நீளும். அன்பில் குறையில்லாமல், கப்பல் ஏறும் முன்பே தங்கையோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்: எந்த இரண்டு மாலைகளில் நீங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வீர்கள், எந்த மாலைகளில் உங்களைத் தேடக் கூடாது என்று. அந்த இரண்டு மாலையும் அவர்கள் இருவருக்கும் பெரிய பரிசு. நேரத்தை முன்பே குறித்துவிட்டால் யாருக்கும் மனவருத்தம் வராது.

சாப்பாட்டு நேரமும் இதற்குக் கைகொடுக்கும். நேரம் குறித்த உணவுக்கூடங்களில் 6 மணியை ஒட்டிய முதல் பந்தி குழந்தைகளால் நிறைந்திருக்கும், 8 மணியை ஒட்டிய இரண்டாம் பந்தி அடங்கியிருக்கும். தங்கை குடும்பத்துக்கு முதல் பந்தி, உங்களுக்கு இரண்டாம் பந்தி என்று பதியுங்கள். சேர்ந்து சாப்பிட மதிய வேளை இருக்கிறது, துறைமுக நாட்களில் காலை உணவும் இருக்கிறது.

கடைசியாக, முன்பதிவு வரிசை. கப்பலில் அறை காலியாக இருந்தும் நான்கு பேருக்கு இல்லை என்று சொல்வதுண்டு. கப்பலின் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய உயிர்காப்புப் படகுகளில் எத்தனை பேருக்கு இடமோ அத்தனை பேரைத்தான் அந்தப் பகுதி அறைகளில் ஏற்ற முடியும். விடுமுறை வாரங்களில் மூன்றாவது, நான்காவது கட்டில்கள் அதனாலேயே முதலில் தீரும். இருவருக்கான அறை பின்னாலும் கிடைக்கும். எனவே தங்கையின் நால்வர் அறையை முதலில் பிடியுங்கள். கட்டணத்தைக் கணக்கிடும்போது, ‘குழந்தைகளுக்கு இலவசம்’ என்ற சலுகையிலும் வரியும் துறைமுகக் கட்டணமும் தலைக்குத் தலை உண்டு என்பதையும், தினசரி டிப்ஸை 8 வயதுப் பிள்ளைக்கும் சேர்த்தே போடுவார்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.