ஆர்கான் ஏன் பொட்டாசியத்துக்கு முன்னால்?

வணக்கம் ஐயா,

என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். தனிம வரிசை அட்டவணையில் ஆர்கானின் அணு நிறை 39.95, அடுத்து வரும் பொட்டாசியத்துக்கு 39.10. கனமானது எப்படி முன்னால் வந்தது என்று வகுப்பில் கேட்டிருக்கிறாள். "அது விதிவிலக்கு, அப்படியே மனப்பாடம் பண்ணிக்கோ" என்று பதில் வந்ததாம். எனக்கும் தெரியவில்லை. கொஞ்சம் விளக்க முடியுமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். பாதிப் பேர் அந்த இரண்டு எண்களையும் பார்க்காமலேயே படித்து முடித்துவிடுகிறார்கள். ஆனால் இதை விதிவிலக்கு என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

1869இல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் அட்டவணை போட்டபோது எலக்ட்ரானே கண்டுபிடிக்கப்படவில்லை, அதனால் எடையை வைத்துத்தான் அடுக்கினார். ஆனால் எடையும் குணமும் ஒத்துப்போகாத இடத்தில் அவர் குணத்தின் பக்கம்தான் நின்றார்: அயோடின் டெல்லூரியத்தைவிட லேசு, இருந்தும் அது குளோரின், புரோமின் வகையறா என்பதால் பின்னால் கொண்டுபோய் வைத்தார், டெல்லூரியத்தின் எடையைத்தான் தப்பாக அளந்துவிட்டார்கள் என்று நம்பினார். அளவு தப்பில்லை, ஆனால் அவர் வைத்த இடம் சரி. அப்புறம் 1894இல் ராலேயும் ராம்சேயும் ஆர்கானைக் கண்டுபிடித்தபோது அதே சிக்கல் திரும்ப வந்தது. எடைப்படி போனால் எதோடும் சேராத ஆர்கான் சோடியத்துக்குக் கீழேயும், தண்ணீரில் போட்டாலே தீப்பிடிக்கிற பொட்டாசியம் மந்த வாயுக்களோடும் உட்கார வேண்டியிருக்கும்.

முடிச்சை அவிழ்த்தவர் ஆங்கில இயற்பியலாளர் மோஸ்லே. 1913இல், மான்செஸ்டரில், காற்றை வெளியேற்றிய குழாய்க்குள் ஒரு சின்னத் தள்ளுவண்டியில் உலோகத் துண்டுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக எலக்ட்ரான் கற்றைக்கு நேரே நகர்த்தி, அது வெளிவிடும் எக்ஸ் கதிரின் அதிர்வெண்ணை அளந்தார். அதிர்வெண்ணின் வர்க்கமூலம் ஒரு தனிமத்திலிருந்து அடுத்ததற்கு ஒரே அளவாக ஏறிக்கொண்டே போனது. அந்தப் படிதான் அணு எண், அதாவது அணுக்கருவில் இருக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கை. நிக்கலைவிடக் கனமான கோபால்ட்டுக்கு 27, நிக்கலுக்கு 28 என்று அதுவே காட்டிக்கொடுத்தது. இரண்டே வருடத்தில், 27 வயதில், கலிப்போலி போர்முனையில் மோஸ்லே சுடப்பட்டு இறந்தார். இன்று நினைத்தாலும் மனசு ஆறாத இழப்பு அது.

சரி, வரிசை புரோட்டான் கணக்கு: ஆர்கானுக்கு 18, பொட்டாசியத்துக்கு 19. ஆனால் ஆர்கான் ஏன் கனமாக இருக்கிறது? எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். அணுவின் எடை புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்தது, பெயரோடு வரும் எண் அந்தக் கூட்டுத்தொகைதான். பொட்டாசியத்தில் பெரும்பகுதி 20 நியூட்ரான் உள்ள பொட்டாசியம்-39. நம் காற்றில் இருக்கும் ஆர்கானில் 99 சதவீதத்துக்கு மேல் 22 நியூட்ரான் உள்ள ஆர்கான்-40. அந்த ஆர்கான்-40 எங்கிருந்து வந்தது தெரியுமா? பொட்டாசியத்திலிருந்துதான்! பாறைகளில் உள்ள பொட்டாசியத்தில் பத்தாயிரம் அணுவுக்கு ஒன்று போல பொட்டாசியம்-40 கலந்திருக்கிறது. அதன் அரை ஆயுட்காலம், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், சுமார் 125 கோடி ஆண்டுகள். சிதையும்போது பெரும்பாலும் கால்சியமாகிவிடும், பத்தில் ஒன்று மட்டும் வேறு வழியில் போகும்: அதன் அணுக்கரு தன் எலக்ட்ரான் ஒன்றையே உள்ளே இழுத்துக்கொள்ள, ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறிவிடும். 19 என்பது 18 ஆகிவிட்டது, நிறை மட்டும் அதே 40. பூமி தோன்றியதிலிருந்து இப்படி உண்டாகி, பாறையிலிருந்து கசிந்து காற்றில் சேர்ந்ததுதான் வெல்டிங் பட்டறை சிலிண்டரில் இருக்கும் ஆர்கான். சூரியனில் இருப்பது பெரும்பாலும் ஆர்கான்-36, அங்கே போய் எடை போட்டால் ஆர்கான்தான் லேசு, மகளுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

டெல்லூரியம் – அயோடின் ஜோடியை அவளே போட்டுப் பார்க்கட்டும். இரண்டின் ஐசோடோப்புகளும் (ஒரே தனிமத்தில் நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் மாறும் வகைகள்) எந்தெந்த விகிதத்தில் கிடைக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுத்துக் கொடுங்கள், அது போதும். அயோடினுக்கு இயற்கையில் 127 ஒன்றுதான், டெல்லூரியத்துக்கு 128, 130 பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். விடை கிடைத்ததும் அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.