மகள் திருமணத்துக்குப் பி.எஃப் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. சென்னை வில்லிவாக்கத்தில் வசிக்கிறோம். தனியார் நிறுவனத்தில் வேலை. பிடித்தம் போக மாதம் 85,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 28,000 ரூபாய். செலவெல்லாம் போக மாதம் 35,000 மிச்சமாகிறது. ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கும் மகளுக்கு வரும் வைகாசியில் திருமணம். இன்னும் எட்டு மாதங்கள் இருக்கின்றன. மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டில் 8 லட்சம் போட்டது இப்போது 14 லட்சமாக இருக்கிறது. வங்கி டெபாசிட் 9 லட்சம், பி.எஃப் 22 லட்சம். நகை நீங்கலாகத் திருமணச் செலவு 28 லட்சம் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம்: மண்டபம் 5, சாப்பாடு 9, மேடை அலங்காரம் 3.5, போட்டோ, வீடியோ 2.5, ஜவுளி 3, மகள் ஆசைப்படும் மெஹந்தி, சங்கீத் நிகழ்ச்சி ஓட்டலில் 3, மற்றவை 2. மனைவியிடம் 32 சவரன் நகை உள்ளது; மேலும் 15 சவரன் வாங்க நினைக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் எதையும் கேட்கவில்லை. 'உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்' என்று சொல்லிவிட்டார்கள். மகள் தன் சேமிப்பான 5 லட்சத்தைத் தருகிறேன் என்கிறாள்; வாங்க எங்களுக்கு மனம் வரவில்லை. பி.எஃப்-இல் 6 லட்சமும் பெர்சனல் லோன் 10 லட்சமும் எடுத்துக்கொண்டு, மொய்ப் பணம் வந்ததும் கடனை அடைத்துவிடலாமா?

பதில்: பி.எஃப்-ஐத் தொட வேண்டாம், பெர்சனல் லோனும் வேண்டாம். உங்கள் கையிருப்புக்குள்ளேயே, நல்ல முறையில், 20 லட்சத்தில் இந்தத் திருமணத்தை நடத்த முடியும் என்பது என் கணக்கு. அதற்கு நீங்கள் குறைக்க வேண்டியது மரியாதையையோ சடங்கையோ அல்ல, இலைகளின் எண்ணிக்கையை. அதைச் சொல்வதற்கு முன், கடன் ஏன் வேண்டாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

10 லட்ச ரூபாயை 12 சதவீத வட்டிக்கு ஐந்து ஆண்டுத் தவணையில் வாங்கினால் மாதம் சுமார் 22,250 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் திருப்பிச் செலுத்துவது ஏறத்தாழ 13.35 லட்சம். உங்கள் நிறுவனத்தில் ஓய்வு வயது 58 என்றால், கடைசி ஓராண்டுத் தவணையைச் சம்பளம் இல்லாத காலத்தில் கட்டிக்கொண்டிருப்பீர்கள். பி.எஃப்-இல் திருமணத்துக்காக முன்பணம் எடுக்க விதியில் இடம் இருப்பது உண்மைதான். ஆனால் 2024-25 ஆம் ஆண்டுக்குக் கொடுக்கப்பட்ட 8.25 சதவீத வட்டி அப்படியே தொடர்ந்தால், இன்று எடுக்கும் 6 லட்சம் நீங்கள் 58 வயதை எட்டும்போது 8.24 லட்சமாக வளர்ந்திருக்க வேண்டிய பணம். 54 வயதில் எடுத்ததைத் திரும்பச் சேர்க்க உங்களிடம் காலம் இல்லை.

மொய்யை நம்பிக் கடன் வாங்குவது அதைவிடப் பிழையான திட்டம். மொய் வரவு அல்ல; நோட்டில் பெயர் எழுதி வாங்கும், தேதி குறிப்பிடாத கடன். நீங்கள் இதுவரை பிறர் வீட்டு விசேஷங்களில் எழுதிய மொய் திரும்பி வரும், புதிதாக வருவதை நீங்கள் அவரவர் வீட்டு விசேஷத்தில் சற்றுக் கூட்டித் திருப்பித் தருவீர்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் மொய் விருந்து வைத்துத் தொழிலுக்கே முதல் திரட்டுவது போன்ற வழக்கம் சென்னையில் கிடையாது. இங்கே அலுவலக நண்பர்கள் பலர் சேர்ந்து ஒரு பரிசுப் பொருளோடு முடித்துக்கொள்கிறார்கள். எனவே மொய்யைப் பட்ஜெட்டில் ஒரு ரூபாய்கூடச் சேர்க்காதீர்கள். வரி விஷயத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு: திருமணத்தை ஒட்டி மணமக்களுக்கு வரும் பரிசுக்கு வருமான வரி இல்லை, ஆனால் அந்த விலக்கு பெற்றோருக்குக் கிடையாது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து உங்கள் பெயருக்கு ஓர் ஆண்டில் வரும் பரிசுகள் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையுமே உங்கள் வருமானமாகக் கருதப்படும். உறைகள் மகள், மருமகன் பெயரில் வரட்டும். மொய் நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி செலவுக்கு வருவோம். 28 லட்சத்தில் பெரியது சாப்பாடு. சமையல் கான்ட்ராக்டர் கொடுத்த விலைப் பட்டியலையும் இணைத்திருக்கிறீர்கள்: முதல் நாள் ரிசப்ஷன் விருந்து 1,000 பேருக்கு இலைக்கு 450 ரூபாய், மறுநாள் காலை டிபன் 600 பேருக்கு 200 ரூபாய், முகூர்த்தச் சாப்பாடு 800 பேருக்கு 350 ரூபாய், மாலைச் சிற்றுண்டி, காபி வகையில் 50,000. கூட்டினால் சரியாக 9 லட்சம். விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிழை எண்ணிக்கையில் இருக்கிறது. முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலையே ரிசப்ஷன் வைப்பது சென்னையில் ஊறிவிட்ட வழக்கம். அலுவலகம் முடிந்து ரிசப்ஷனுக்கு வந்து கைகுலுக்கிப் போட்டோ எடுத்துக்கொண்ட நண்பர், மறுநாள் காலையில் மீண்டும் மண்டபத்துக்கு வருவது அபூர்வம். முகூர்த்தத்துக்கு வருபவர்களிலும் பாதிப் பேர் அட்சதை போட்டு, டிபன் சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். மதியப் பந்தியில் உட்காருபவர்கள் நெருங்கிய சொந்தங்களும் வெளியூரிலிருந்து வந்தவர்களும்தான். நீங்களோ ஒரே பத்திரிகையை இரண்டு முறை எண்ணி, 1,000 இலையும் 800 இலையும் சொல்லியிருக்கிறீர்கள். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை அல்ல என்றால், மதியம் 400, காலை டிபன் 350 போதும். பத்திரிகை வைக்கும் பட்டியலை ஒருமுறை சலித்தால் ரிசப்ஷன் 750-க்கு இறங்கும். இந்த மூன்று மாற்றங்களிலேயே 3 லட்சம் மிச்சமாகிறது, ஒரு பண்டத்தைக்கூட இலையிலிருந்து எடுக்காமல்.

கான்ட்ராக்டரிடம் பேசும்போது, குறைந்தபட்சம் எத்தனை இலைக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும், அதற்கு மேல் வந்தால் எந்த விலை, எத்தனை இலைவரை கூடுதலாகச் சமாளிப்பார் என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். பந்தி நடக்கும்போது அவருடைய சூப்பர்வைசர் இலைகளை எண்ணுவார். உங்கள் தரப்பில் மச்சினரோ சித்தப்பாவோ ஒருவர் அவரோடு நின்று ஒவ்வொரு பந்திக்கும் எண்ணிக்கையைக் குறித்து இருவரும் கையெழுத்திட்டால், மறுநாள் பில் வரும்போது வாக்குவாதம் இருக்காது. 'ஜி.எஸ்.டி. வேண்டாமென்றால் ரொக்கமாகக் கொடுங்கள்' என்று அவர் சொல்லக்கூடும். ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. நாள் நாளாகப் பிரித்துக் கொடுத்தாலும் நிகழ்ச்சி ஒன்றுதான். அபராதம் வாங்கியவருக்கு என்றாலும், ரசீது இல்லாமல் கொடுத்த பணத்துக்காக நாளை நீங்கள் எங்கேயும் முறையிட முடியாது.

மண்டபத்தில் வாடகை ஒரு பாதி, மற்றது மறு பாதி. வாடகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு; மின்சாரம் மீட்டர்படி, ஜெனரேட்டர் மணிக்கணக்கில், துப்புரவு, சமையல் எரிவாயு, வெளியிலிருந்து வரும் அலங்காரக்காரரை உள்ளே விடுவதற்கு ஒரு கட்டணம் எனப் பில் நீளும். சாவி வாங்கும்போதே மீட்டர் எண்ணை மண்டப மேலாளர் முன்னிலையில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை 750 என்றான பிறகு தி.நகரிலோ வடபழனியிலோ பெரிய மண்டபம் தேவையில்லை. அம்பத்தூர், போரூர், வானகரம் பக்கம் எல்லாக் கட்டணமும் சேர்த்து 3.5 லட்சத்துக்குள் அடங்குவதாகப் பாருங்கள். வைகாசி வளர்பிறை முகூர்த்தங்கள் முதலில் நிரம்பும் என்பதால் இதில் தாமதம் வேண்டாம்.

அலங்காரத்தில், ரிசப்ஷன் மேடையும் முகூர்த்த மணவறையும் தனித்தனியாக விலை பேசப்பட்டிருக்கின்றன. ஒரே சட்டகத்தைப் போட்டு, இரவோடு இரவாகப் பின்திரையையும் பூவையும் மட்டும் மாற்றச் சொன்னால் 2 லட்சத்தில் முடியும். முகூர்த்த நாட்களை ஒட்டிக் கோயம்பேட்டில் மல்லியின் விலை எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது; ஒப்பந்தத்தில் 'பூ விலை ஏற்றம் தனி' என்ற வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். போட்டோ, வீடியோவுக்கு ட்ரோனையும் எல்.இ.டி. திரையையும் விட்டால் 1.75 லட்சம் போதும். ஜவுளியில் முகூர்த்தப் பட்டைத் தவிர மற்றவற்றில் கைவைத்து 2.25 லட்சத்தில் நிறுத்துங்கள்.

மெஹந்தி, சங்கீத்தை 'நம் வழக்கமில்லை' என்று தட்டிக்கழிக்கச் சொல்ல மாட்டேன். நம் வீடுகளில் நலங்கு என்று பாட்டும் கேலியுமாக நடந்துவந்ததற்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை. வீட்டு மொட்டை மாடியில் ஒரு பந்தல், விளக்குச் சரம், மருதாணி வைக்க இரண்டு பேர், ஐம்பது அறுபது பேருக்குச் சாப்பாடு என்று நலங்கோடு சேர்த்து ஒரே மாலையில் நடத்தினால் 50,000 ரூபாய். மற்றவற்றுக்கான 2 லட்சத்தில் நாதஸ்வரம், புரோகிதர், பத்திரிகை, தாம்பூலம், வேன், உறவினர் தங்கும் அறைகள் எல்லாம் வர வேண்டியிருப்பதால் அதில் நான் கைவைக்கவில்லை. ஆகமொத்தம் 18 லட்சம். எதிர்பாராச் செலவுக்கு 2 லட்சம் சேர்த்தால் 20.

பணம் எங்கிருந்து? ஃபண்டும் டெபாசிட்டும் சேர்ந்து 23 லட்சம். அதில் 5 லட்சத்தை டெபாசிட்டிலேயே விட்டுவிடுங்கள். மகனின் இறுதியாண்டுக் கட்டணமும் மருத்துவ அவசரமும் அதற்குள். மீதி 18 லட்சத்தோடு எட்டு மாதச் சேமிப்பு 2.8 லட்சம் சேர்ந்தால் 20.8 லட்சம். எட்டு மாதத்தில் தேவைப்படும் பணம் பங்குச் சந்தையில் இருக்கக் கூடாது. 'இன்னும் கொஞ்சம் ஏறட்டும்' என்று காத்திருந்து முகூர்த்த மாதத்தில் சந்தை சரிந்தால் மண்டபக்காரர் பொறுக்க மாட்டார். ஆயினும் வரிக்காக ஒரு சிறு சமரசம் செய்யலாம். பங்கு சார்ந்த ஃபண்டுகளில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து கிடைக்கும் லாபத்தில், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 6 லட்ச லாபத்தையும் ஒரே ஆண்டில் எடுத்தால் வரி 59,375 ரூபாய். பாதியை இப்போதும் பாதியை ஏப்ரல் முதல் வாரத்திலும் எடுத்தால் 43,750 ரூபாய், செஸ் தனி. மிச்சம் 15,625 ரூபாய்தான் என்பதால், சந்தையின் ஏற்ற இறக்கம் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் என்றால் முழுவதையும் இப்போதே எடுத்துவிடுங்கள். நான் குறை சொல்ல மாட்டேன்.

நகை விஷயத்தில்தான் எனக்கு உங்களோடு அதிக வேறுபாடு. சவரன் லட்ச ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில், 15 சவரன், அதாவது 120 கிராம், வாங்கும்போது 14 சதவீதம் சேதாரம் போட்டால் 16.8 கிராம், இரண்டு சவரனுக்கும் மேல், உங்கள் கைக்கு வராத தங்கத்துக்குப் பணம் கொடுக்கிறீர்கள். அதன் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. மனைவியின் 32 சவரனில் 20-ஐ மகளுக்குக் கொடுத்து, பாலிஷ் போட்டு, தளர்ந்த கொக்கிகளை மாற்றினால் போதும். அம்மாவின் ஆரத்தைப் பெண் அணிவது எந்த ஊரிலும் குறைவாகப் பார்க்கப்படுவதில்லை. ஆசைக்கு 4 சவரன் புதிதாக வாங்குங்கள்; கல் வைத்த நகையென்றால் கல் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போட வேண்டும், நகையில் பொறித்திருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளக் குறியை (ஹெச்.யு.ஐ.டி.) பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபாருங்கள். கடைகளின் 11 மாத நகைச் சீட்டு உங்கள் எட்டு மாதக் கணக்கில் முதிராது, அதற்கு வங்கி டெபாசிட் போன்ற காப்பீடும் இல்லை.

அந்த 4 சவரனை மகளின் 5 லட்சத்தில் வாங்குங்கள். பெண் காசை வாங்குவதா என்ற உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பணம் உங்களுக்கு வரவில்லை, அவளுடைய பெயரில் பில் போட்ட நகையாக அவளிடமே போகிறது. நீங்கள் மறுத்தால் அதே தொகையை வங்கியில் கடனாகக் கேட்பீர்கள், அந்தத் தவணைக்கும் நாளை அவள்தான் கவலைப்படுவாள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் கொடுக்கும் நகை, பொருள்களின் பட்டியலை எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்க வேண்டும் என்று வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1985 முதல் விதி இருக்கிறது. சீர்வரிசை அடுக்கும் அன்றே அதைச் செய்துவிடுங்கள்.

கடைசியாக, மாப்பிள்ளை வீட்டாரின் அந்த ஒரு வாக்கியம். அதற்கு நீங்களாகவே ஒரு பெரிய பொருள் கொடுத்துக்கொண்டு 15 சவரனில் போய் நின்றிருக்கிறீர்கள். ரிசப்ஷனுக்கு வரும் 750 பேரில் அவர்கள் பக்கத்து விருந்தினரும் கணிசமாக இருப்பார்கள். ரிசப்ஷன் செலவை மாப்பிள்ளை வீட்டார் ஏற்பதோ, இரு வீட்டாரும் பாதிப் பாதி பகிர்வதோ இன்று சென்னைக் குடும்பங்களில் சாதாரணம். மண்டப முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, 'உங்கள் பக்கம் எத்தனை பேர் வருவார்கள்?' என்ற கேள்வியில் பேச்சைத் தொடங்குங்கள். அவர்கள் பங்கு தருவதாகச் சொன்னால் அந்தத் தொகையைத் திருமணத்தில் சேர்த்துச் செலவழிக்காமல் டெபாசிட்டில் போடுங்கள். சொல்லாவிட்டாலும் மேலே உள்ள கணக்கு அவர்களை நம்பிப் போடப்பட்டதல்ல.