பச்சை மரமலைப்பாம்புக் குட்டியை எப்படி வைத்திருப்பது, எப்போது கையில் எடுப்பது?

ரொறன்ரோவில் மருமகன் வாங்கிய குட்டி மஞ்சளாக இருக்கிறது, கை வைத்தால் கடிக்க வருகிறது, யாழ்ப்பாணத்திலிருந்து அவனுக்கு என்ன சொல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறத்தில் பிழையில்லை. நியூகினியிலும் அவுஸ்திரேலியாவின் வடமுனையிலும் வாழும் இந்த இனத்தின் குட்டிகள் மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ இருந்து, வளரவளரப் பச்சையாகும். கடிக்க வருவது பயத்தில். நஞ்சில்லை.

நான் கவலைப்படுவது முதுகெலும்பைப் பற்றித்தான். எங்கள் ஊர் மலைப்பாம்பான வெங்கிணாந்தி போல நிலத்தில் திரிவதல்ல இது; வாலைக் கொப்பில் இறுகச் சுற்றியே இருக்கும். பிடித்து இழுத்தால் வாலெலும்பு நிரந்தரமாக மடங்கிவிடலாம். ஆகவே முதல் வருடம் கையில் எடுக்கவே வேண்டாம். பெட்டியைத் துப்புரவாக்கும்போது கொப்போடு சேர்த்துத் தூக்கி வெளியே வைக்கச் சொல்லுங்கள். அதற்காகக் கொப்பு கழற்றக்கூடியதாக இருக்கவேண்டும். கொப்பு பாம்பின் உடலளவு தடிப்பாக இருந்தால் போதும்.

பெரிய கண்ணாடித் தொட்டி வேண்டாம். சிறிய பிளாஸ்டிக் பெட்டியில்தான் குட்டி பயமின்றி இரை எடுக்கும். ஒரு பக்கம் 30 பாகை, மறுபக்கம் 25 அளவில். எங்கள் ஊரில் இந்தச் சூடு தானாகவே கிடைக்கும். அங்கே சூடாக்கி தேவை, ஆனால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடக்கூடாது. மாலையில் தண்ணீர் தெளித்து, அடுத்தநாள் காயவிட வேண்டும். எந்நேரமும் ஈரத்தில் கிடந்தால் தோலும் சுவாசமும் கெடும்.