சர்வதேச உறவுகள் படித்தால் எங்கே வேலை? வாசகர் கேள்வி பதில்

என் மகள் எம்.ஏ. சர்வதேச உறவுகள் முதலாண்டு படிக்கிறாள். ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) கிடைக்காவிட்டால் இந்தப் படிப்புக்கு வேலையே இல்லை என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
- வாசகி, திருநெல்வேலி

இல்லை அம்மா. ஆனால் ‘சர்வதேச உறவுகள் பட்டதாரி தேவை’ என்று விளம்பரம் வரும் எனக் காத்திருந்தால் ஏமாற்றம்தான். வேலை வேறு பெயர்களில் இருக்கிறது: டிரேட் கம்ப்ளையன்ஸ் (வர்த்தக விதிகளைச் சரிபார்ப்பது), சாங்ஷன்ஸ் ஸ்கிரீனிங் (பொருளாதாரத் தடைப் பட்டியலோடு ஒப்பிடுவது), ரிஸ்க் அனலிஸ்ட் (ஆபத்துகளை ஆராய்பவர்), பப்ளிக் பாலிசி அசோசியேட் (அரசுக் கொள்கைப் பணி). வேலைவாய்ப்புத் தளங்களில் இந்தப் பெயர்களைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள்.

இவற்றில் நாங்கள் முதலில் கைகாட்டுவது பொருளாதாரத் தடை சார்ந்த பணி. பன்னாட்டு வங்கிகள் பலவற்றின் பெரிய அலுவலகங்கள் சென்னையில் இயங்குகின்றன. ஒரு ஏற்றுமதிக்கான கடன் கடிதம் (பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதி) வந்தால் வாங்குபவர், கப்பல், துறைமுகம், இடையில் வரும் வங்கி என ஒவ்வொரு பெயரையும் அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஐ.நா. பாதுகாப்பு அவை வெளியிடும் தடைப் பட்டியல்களோடு ஒப்பிட வேண்டும். மென்பொருள் பெயரைக் காட்டிக்கொடுக்கும். இது அதே ஆள்தானா என்று முடிவு செய்வது மனிதர். புதிதாகச் சேர்பவர்கள் பட்டியலில் பெயர் இல்லை என்றதும் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்க விதிப்படி, தடைக்குள்ளானவர்கள் 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் நிறுவனமும், அதன் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும், தடைக்குள் வரும். யார் யாருக்குச் சொந்தம் என்று தோண்டிப் பார்க்கும் பழக்கமும், ஒரு நாட்டின் அரசியலை அறிந்த அறிவும் இங்கே சம்பளமாக மாறுகின்றன.

அடுத்தது வர்த்தக ஒப்பந்தங்கள். ஐக்கிய அரபு எமிரேட்ஸுடனான ஒப்பந்தம் 2022 மே 1 முதலும், ஆஸ்திரேலியாவுடனானது அதே ஆண்டு டிசம்பர் 29 முதலும் நடைமுறையில் உள்ளன. ஒப்பந்தம் இருந்தால் மட்டும் தீர்வைச் சலுகை கிடைத்துவிடாது. சரக்கு இந்தியாவில் உருவானது என்று காட்டும் ‘சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின்’ வேண்டும். இன்வாய்ஸில் ஒரு எச்.எஸ். குறியீடு (சரக்கை வகைப்படுத்தும் சர்வதேச எண்), சான்றிதழில் இன்னொன்று என்று இருந்தால், அங்குள்ள சுங்கத்துறை சலுகையை மறுத்துவிடலாம். திருப்பூரிலும் ஆம்பூரிலும் உள்ள ஏற்றுமதியாளர்களுக்கு இதைப் பிழையில்லாமல் செய்து தருகிறவர் தேவை. உங்கள் மகள் இரண்டாம் ஆண்டு தொடங்குவதற்குள் எச்.எஸ். வகைப்பாடு, ரூல்ஸ் ஆஃப் ஆரிஜின் (சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று முடிவு செய்யும் விதிகள்), இன்கோடெர்ம்ஸ் 2020-இன் 11 விதிகள் (விற்பவர், வாங்குபவர் இருவரின் செலவையும் பொறுப்பையும் பிரிப்பவை) ஆகிய மூன்றையும் படித்துவிட்டால், வகுப்பில் படித்த கோட்பாடுகளுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும்.

சென்னையில் உள்ள வெளிநாட்டுத் தூதரக அலுவலகங்களும் உள்ளூர்ப் பணியாளர்களை எடுக்கின்றன. தமிழ்நாட்டு அரசியலையும் தொழிலையும் தமிழ் நாளிதழ் வழியே படித்து, நல்ல ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தில் எழுதித் தருபவருக்கு அங்கே மதிப்பு உண்டு.

எம்.ஏ. படித்திருப்பதால் ஐ.எஃப்.எஸ். எளிதாகுமா?
- வாசகர், தருமபுரி

கொஞ்சம். சிவில் சர்வீசஸ் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். மெயின்ஸ் 1,750, நேர்முகத் தேர்வு 275 என மொத்தம் 2,025 மதிப்பெண். ‘அரசியல் அறிவியல் மற்றும் சர்வதேச உறவுகள்’ என்ற விருப்பப் பாடத்துக்கு 500. பலரும் தடுமாறுவது இங்கேதான்: இதன் முதல் தாள், அதாவது 250 மதிப்பெண், அரசியல் கோட்பாடும் இந்திய அரசாங்கமும். சர்வதேச உறவுகள் முழுக்க இரண்டாம் தாளில்தான். முதல் தாளை அலட்சியம் செய்தால் பட்டத்தால் வந்த லாபம் அங்கேயே போய்விடும்.

பிரிலிம்ஸில் கணக்கு, தர்க்கம், வாசித்துப் புரிதல் ஆகியவற்றைச் சோதிக்கும் சிசாட் தாளில் 33 சதவீதம், அதாவது 200-க்கு 66 எடுக்காவிட்டால், பொது அறிவுத் தாளில் எவ்வளவு எடுத்தாலும் தேர்ச்சி கிடையாது. கணக்கை விட்டு நாளாகியிருந்தால் தினமும் அதற்கு நேரம் ஒதுக்குங்கள். பிரிலிம்ஸில் ஒரு தாள் எழுதினாலும் ஒரு வாய்ப்பு கணக்கில் சேரும் (பொதுப் பிரிவுக்கு 6, ஓ.பி.சி.க்கு 9). அரைகுறைத் தயாரிப்போடு ‘பார்த்துவிட்டு வரலாம்’ என்று போகாதீர்கள்.

எஸ்.எஸ்.சி. (மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்) பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வு வழியாகவும் வெளியுறவு அமைச்சகத்தில் உதவிப் பிரிவு அலுவலர் ஆகலாம். ஏழாவது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். வெளிநாட்டுத் தூதரகங்களிலும் பணியமர்த்துவார்கள். ஆனால் அந்தத் தேர்வு பெரும்பாலும் கணக்கு, ஆங்கிலம், ரீசனிங், பொது அறிவு ஆகியவற்றைத்தான் சோதிக்கும். உங்கள் எம்.ஏ. பாடம் அங்கே அதிகம் கைகொடுக்காது.

ஐ.நா.வில் நேராகச் சேர முடியுமா?
- வாசகி, தஞ்சாவூர்

படித்து முடித்த கையோடு சேருவது மிகக் கடினம். இளநிலை அதிகாரிகளுக்கான ஒய்.பி.பி. தேர்வுக்கு 32 வயது வரம்பு; அந்த ஆண்டுக்கான நாடுகளின் பட்டியலில் இந்தியா இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐ.நா. தலைமைச் செயலகப் பயிற்சிப் பணிக்கு ஊதியம் கிடையாது. நியூயார்க், ஜெனீவா செலவை வீடு தாங்குமா என்று யோசித்துவிட்டு விண்ணப்பியுங்கள். இந்தியாவுக்குள்ளேயே கிடைக்கும் ஐ.நா. தன்னார்வலர் பணிக்கு உதவித்தொகை உண்டு. எங்கள் யோசனை இதுதான்.

எந்த வெளிநாட்டு மொழி படிக்கலாம்?
- வாசகர், ஓசூர்

எந்த நாட்டைப் பற்றிப் படிக்கிறீர்களோ அந்த மொழி. மூன்று மொழிகளில் ஏ1 (தொடக்கநிலை) சான்றிதழ் வைத்திருப்பதால் பயன் குறைவு. ஒரே மொழியில் பி2 (தயக்கமில்லாமல் உரையாடும் நிலை) வரை போங்கள். ஜப்பானியம் என்றால் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் (என்5 தொடக்கநிலை, என்1 உயர்நிலை) என்3-க்குக் கீழே அலுவலக வேலையை எதிர்பார்க்க வேண்டாம். மொழிபெயர்ப்புக்கு என்2 வேண்டும். இந்தத் தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். ஜப்பானிய, கொரிய நிறுவனங்கள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் வேலை தேடுபவர்கள் இந்த இரண்டு மொழிகளில் ஒன்றை எடுப்பது நல்லது. பி2 அல்லது என்3-ஐ எட்டக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டு முதலாண்டிலேயே தொடங்குங்கள். இறுதியாண்டில் சேர்ந்தால், வேலை தேடும் நேரத்தில் கையில் தொடக்கநிலைச் சான்றிதழ் மட்டுமே இருக்கும்.